மேனேஜருக்குத் தெரியாத முகம்

இன்றைக்கும் நான் கையால்தான் வைக்கிறேன். இணையத்திலிருந்து ஒரு முப்பரிமாண உருவத்தையோ அதற்கான உடையையோ இறக்கினால், ஜிப்பை நானே பிரிப்பேன். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பேன். உருவத்தை உருவங்கள் இருக்கிற ஃபோல்டரிலும் அதன் மேல் போர்த்துகிற தோல் படத்தைத் தோல்கள் இருக்கிற ஃபோல்டரிலும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். "இதுக்குத்தான் இன்ஸ்டால் மேனேஜர் இருக்கே, ஒரு க்ளிக்ல முடியிற வேலைக்கு ஏன் இந்தப் பாடு?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். பாடுபடுவது நான். அவர்களுக்கு எங்கே வலிக்கிறது?

மேனேஜர் மோசமான சாமான் என்று நான் சொல்லவில்லை. என்ன வாங்கினோம், எதற்குப் புதுசு வந்திருக்கிறது என்று அதுவே பார்த்து, அதுவே இறக்கி, அதுவே வைத்துவிடும். நல்லதுதான். ஆனால் தான் கொண்டுவந்து வைத்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். நாமாக வைத்தது எதுவும் அதற்குத் தெரியாது. தெரியாததை அது என்ன செய்யும் என்பதைச் சின்னமனூரில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான் பார்த்தேன். அதற்கப்புறமும் என்னை மாறச் சொன்னால் எப்படி மாறுவேன்?

அப்போது சின்னமனூர் மெயின் ரோட்டில் ஒரு டிசைன் கடையில் வேலை பார்த்தேன். கீழே உரக்கடை, மேலே நாங்கள். மாடிப்படி ஏறும்போதே யூரியா வாடை கூடவே ஏறி வரும். கல்யாண ஆல்பம், காதுகுத்து ஃப்ளெக்ஸ், வாழைத்தார் மண்டிக்கு விசிட்டிங் கார்டு, ஏலக்காய் பாக்கெட்டுக்கு லேபிள் என்று எது வந்தாலும் செய்வோம். இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். கடைக்காரரை நான் அண்ணாச்சி என்பேன். அவர் என்னைப் பாப்பா என்பார். இருபத்து மூன்று வயதில் என்ன பாப்பா என்று ஒருநாள் கேட்டதற்கு, "உனக்கு வர்ற கோவத்துக்குப் பாப்பான்னு சொல்லாம பாட்டின்னா சொல்ல முடியும்?" என்றார்.

அந்த வருடங்களில் தேனியிலிருந்து கூடலூர் வரை எந்த வீட்டில் ஆல்பத்தைப் பிரித்தாலும் ஒரே தாஜ்மஹால், ஒரே ரோஜாப்பூ, ஒரே அன்னப்பறவை ஜோடி. மதுரையில் விற்கிற டிவிடியில் எல்லாம் ரெடிமேடாக வரும். மாப்பிள்ளை தலையையும் பொண்ணு தலையையும் வெட்டி ஒட்ட வேண்டியதுதான். எனக்கு அது வெறுத்துப்போயிற்று. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில், மனித உருவங்களைச் செய்கிற மென்பொருள் ஒன்று இருந்தது. போட்டுப் பார்த்தேன். திரையில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். தலையைத் திருப்பினால் திரும்பினாள், கையைத் தூக்கினால் தூக்கினாள். அன்றைக்குக் கெட்டவள்தான் நான், இன்னும் திருந்தவில்லை.

அவளுக்கு வேண்டிய உடை, முடி, நகை எல்லாவற்றையும் யார் யாரோ வெளிநாட்டில் செய்து இணையத்தில் வைத்திருந்தார்கள். நீச்சல் உடை வேண்டுமா, விதவிதமாக இருந்தது. வாள், கேடயம், டிராகன் முதுகில் போட்டு உட்காருகிற சேணம்கூட இருந்தது. தாவணி இல்லை. ஜிமிக்கி இல்லை. ரெட்டைச் சடை இல்லை. இல்லாததை நானே வரைந்து, நானே ஒட்டிக்கொண்டேன். வைக்கிற இடம் ஒரு பிசகு பிசகினாலும் போச்சு. முடி வராது, மொட்டைத் தலையோடு வந்து நிற்பாள். தோல் மாறினால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக நிற்பாள். உடை விட்டுப்போனால் கேட்கவே வேண்டாம். ஒரு தடவை அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி பின்னால் வந்து நின்றுவிட்டார். "ஆத்தாடி! ஏம் பாப்பா, நாலு பேரு வந்து போற எடத்துல என்ன இது?" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு கீழே உரக்கடைக்கு இறங்கிப் போனவர், காபி குடித்துவிட்டுத்தான் மேலே வந்தார். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துக் கிடந்தேன்.

இப்படித் தடவித் தடவித்தான் அந்த ஃபோல்டர்கள் எனக்குப் பழகின. வீட்டு அடுக்களையில் கரண்ட் போனாலும் மிளகாய்த்தூள் டப்பாவுக்குக் கை தானாகப் போகும் இல்லையா, அந்த மாதிரி. மற்றவர்களுக்கு அது குப்பைமேடாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அண்ணாச்சியின் மச்சினன் அந்த வருடம்தான் கோயம்புத்தூரில் மல்டிமீடியா படித்துவிட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தார். நல்ல மனிதர், நன்றாகத் தொழில் தெரிந்தவர். என் ஃபோல்டர்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்துவிட்டார். "என்னம்மா நீ, ஒவ்வொரு ஃபைலா எடுத்து வச்சுக்கிட்டு இருக்க? புது வெர்ஷன் வந்திருக்கு, கூடவே மேனேஜர் வருது. எல்லாத்தையும் அதுவே வச்சிரும்" என்றார். "வச்சதுக்கப்புறம் எங்க வச்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "உனக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வேலை செய்கிற இடத்தில் என்ன எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமாம்! அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை.

தீபாவளி முடிந்து ஐப்பசிக் கடைசியில் லோயர் கேம்ப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். நெல்லும் தென்னையும் உள்ள சம்சாரி வீடு. படியேறி வந்த மூச்சு அடங்குவதற்கு முன்னாலேயே கேட்டார். "இங்கன ஆளே இல்லாம போட்டோ செய்வீகளாமே, நெசமா?"

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுகிற வழக்கம் உண்டு. கன்னி என்போம். ஓலைப்பெட்டியில் அவளுக்கென்று தாவணி, வளையல், சீப்பு எல்லாம் இருக்கும். வீட்டில் கல்யாணம் வந்தால் முதல் துணி அவளுக்குத்தான். அவளைக் கும்பிட்ட பிறகுதான் பத்திரிகையில் மஞ்சள் தடவி முதல் ஆளுக்குக் கொடுப்பார்கள். வந்த அம்மாவின் அக்கா, பதினாலு வயதில் மஞ்சள்காமாலையில் போனவள், அவர்கள் வீட்டுக் கன்னி. தை மாதம் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட அந்த அக்காவின் படம் வேண்டும். ஆனால் அவளுக்குப் படம் ஒன்றுகூடக் கிடையாது.

"போட்டோ பிடிச்சா ஆயுசு கொறையும்னு எங்கய்யா எடுக்க விடல" என்றார்.

"மொகம் ஞாபகம் இருக்கா பெரியம்மா?"

"எனக்கு மட்டுந்தேன் இருக்கு. எங்கம்மாவும் போயிட்டா. எங்கண்ணே அவளப் பத்திப் பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவாக. நாளைக்கு நானும் போயிட்டேன்னா, அவ எப்பிடி இருந்தான்னு இந்த ஒலகத்துல யாருக்கு ஆத்தா தெரியும்?"

ஐம்பது வயது மனுஷி, பதினாலு வயதுப் பிள்ளையை அக்கா என்கிறாள். செய்யலாம் பெரியம்மா என்று சொல்லிவிட்டேன். செய்ய முடியுமா என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். முகத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் திரையில் ஒரு தள்ளுகோல் உண்டு. அதை இந்தப் பக்கம் தள்ளினால் மூக்கு அகலும், அந்தப் பக்கம் தள்ளினால் ஒடுங்கும். "மூக்கு இம்புட்டுக் கூர்மை இல்ல. எங்க வீட்டு மூக்கு, என்னயப் பாத்து வையி" என்பார். "தாவாக்கட்ட இன்னுங் கொஞ்சம் உருண்டையா இருக்கும். அவ கோவத்துல வையும்போது பாக்கணும், அழகா இருக்கும்!" என்று அவரே சிரித்துக்கொள்வார். நான் தள்ளுவேன், அவர் உற்றுப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி தள்ளுவேன். மாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போவார். அடுத்த தடவை வரும்போது மடி நிறைய திராட்சையோடு வருவார்.

நிறத்துக்கு வந்தபோதுதான் எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்த மென்பொருளின் பெண்பிள்ளை ரோஸ் நிறம். நான் கொஞ்சம் கொஞ்சமாக நிறத்தை இறக்கினேன். "என்னத்துக்குப் பயந்து பயந்து ஊத்துற? அவ கருப்பு ஆத்தா, நல்ல கருப்பு" என்றார். கருப்பு எனக்கா தெரியாது? கடைக் கேமராவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், வெயிலில் என் கையையே நீட்டிப் படம் எடுத்தேன். என் முழங்கையும் தோள்பட்டையும் தாடைக்குக் கீழே உள்ள தோலும்தான் அந்தப் பிள்ளைக்குத் தோல் ஆயிற்று. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்த அதே தோல், திரையில் அவள் மேல் ஏறியதும் மினுமினுவென்று இருந்தது. யாராவது இப்போது சொல்லட்டும் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மென்பொருள் தோலை ஒரே இடத்தில், ஒரே பெயரில்தான் தேடும். அதனால் பழைய ரோஸ் தோல் இருந்த இடத்தில், அதே பெயரில் என் தோலை வைத்தேன். முகத்தையும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே சேமித்தேன். நகலும் எடுத்தேன், அதே ஃபோல்டருக்குள் இன்னோர் ஃபோல்டராக. இதற்காக என்னைத் திட்ட நினைக்கிறவர்கள் வரிசையில் வாருங்கள். அன்றைக்கே திட்ட வேண்டியவர்கள் எல்லாம் திட்டி முடித்துவிட்டார்கள்.

முகம் முடிந்த அன்று அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். "நல்லாருக்கு. சாமி மாதிரி இருக்கு" என்றார். அழவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்தான். அடுத்த வாரம் பிரிண்ட் வாங்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரத்தோடு கார்த்திகை முடிகிறது. மார்கழி பிறந்துவிட்டால் கடையில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பதில் அண்ணாச்சி கறார். எனவே புது வெர்ஷனையும் அதன் மேனேஜரையும் கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் போட்டுவிட வேண்டும் என்று முடிவாயிற்று. என் மெஷினில்தான். மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று, ஊதுபத்தி ஏற்றியாயிற்று, பூ மட்டும் இல்லை. "பாப்பா, ஓடிப்போயி ரெண்டு மொழம் வாங்கிட்டு வந்துரு" என்றார் அண்ணாச்சி. நான் வரும்வரை தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். கார்த்திகைக் கடைசி வெள்ளி, பூக்கடையில் கூட்டம் நெரிந்தது.

நான் இல்லாதபோது நடந்ததைப் பிறகு அண்ணாச்சியே சொன்னார். மேனேஜர் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டதாம். மச்சினன் அதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கு. அண்ணாச்சிக்குக் கண் கடிகாரத்தில். "பத்தரைக்கு ராகுகாலம் பெறந்துரும் மாப்ள, என்னத்த எழுத்துக்கூட்டிக்கிட்டு இருக்க? அமுக்கு!" என்று விரட்டியிருக்கிறார். மச்சினன் அமுக்கினார். அது மறுபடி ஒரு தடவை, நிச்சயம்தானா என்கிற மாதிரி கேட்டிருக்கிறது. அதையும் அமுக்கினார். பழைய ஃபோல்டரைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டுப் புதிதாக வைக்கட்டுமா என்பதுதான் கேள்வி. பூவோடு நான் படியேறி வரும்போது, "கரெக்டா நேரத்துக்குள்ள முடிச்சுட்டோம்ல!" என்று அண்ணாச்சி சூடம் காட்டிக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் வேலையைத் திறந்தேன். நான் வரைந்த நீலத் தாவணி வேறு இடத்தில் இருந்ததால் தப்பித்திருந்தது. அந்தத் தாவணியைக் கட்டிக்கொண்டு, நான் உட்காரவைத்த அதே பாவனையில், எவளோ ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். கூர்மூக்கு, ரோஸ் கன்னம், பொம்மைச் சிரிப்பு.

"யாருடி நீ?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் கத்திய கத்தலில் உரக்கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். மச்சினன் முகம் வெளிறிப்போயிற்று. அவர் சும்மா இருக்கவில்லை, அழிந்ததைத் தேடி எடுக்கிற மென்பொருளைப் போட்டுப் பொழுது சாயும்வரை துழாவினார். ஆனால் அழிந்த இடத்தின் மேலேயே புதுசு ஏறி உட்கார்ந்திருந்தது. கிடைத்ததெல்லாம் கந்தல். பாதிக் கன்னம், ஒரு காது. அந்தக் காதைத் திரையில் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து மொட்டைமாடிக்குப் போய் ஆத்திரம் தீர அழுதேன்.

இறங்கி வந்தபோது இரண்டு பேரும் ஒரு முடிவோடு இருந்தார்கள்.

"இந்தப் புது மொகமே லட்சணமாத்தான இருக்கு?" என்று மச்சினன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நெறத்த மட்டும் கொஞ்சம் கொறச்சுக் குடுத்துரலாம். முப்பது நாப்பது வருசத்துக்கு முன்னாடி செத்துப்போன பிள்ளை. போட்டோவும் கெடையாது. யாருக்கு என்ன தெரியப்போகுது?"

அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல், "அந்தம்மா மனசு நோகாம முடிச்சு விட்டுருவோம் பாப்பா. சாமி படந்தான" என்றார்.

"அந்த வீட்டுல தெனமும் சூடம் காட்டப் போறாக அண்ணாச்சி. எவளோ ஒருத்திக்குக் காட்டவா? செத்துப்போன பிள்ளைக்கு ஒலகத்துல இருக்குறது அந்த ஒரு மொகந்தேன். அதுலயும் ஆள மாத்தி வைக்கிறதா?"

"கோவப்படாத..."

"படுவேன். அந்தப் படத்தக் குடுக்குறதுன்னா நீங்களே குடுத்துக்கங்க. நான் நாளையிலருந்து வரல."

வீட்டில் என் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். வேறு கடை என்றால் தேனிக்கோ மதுரைக்கோதான் போக வேண்டும், அனுப்ப மாட்டார்கள். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை. அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். "நீயே அந்தம்மாகிட்டச் சொல்லிக்க தாயி. என்னால முடியாது" என்று விட்டுவிட்டார்.

அந்த அம்மா வந்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அழிந்துவிட்டது, எங்கள் தப்பு, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். சாபம் விடுவார் என்று நினைத்தேன். விட்டால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

"பூராவும் போச்சா?" என்றார்.

"பூராவும்."

மடியிலிருந்த திராட்சையை மேசையில் எடுத்து வைத்தார். பிறகு, "போனது நல்லதுதேன் ஆத்தா. அது எங்கக்கா இல்ல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சாமியா வைக்கப் போறமேன்னு எனக்கு வாய் வரல. அவளுக்கு மாறுகண்ணு. எடது கண்ணு உள்ள பாக்கும். அத விட்டுட்டு மத்ததையெல்லாம் உனக்குச் சொன்னேன். ஆயுசு கொறையும்னு சொன்னதும் பொய்யி. கம்பத்துல ஒரு ஸ்டூடியோக்குப் போயி நாங்க எல்லாரும் போட்டோ எடுத்தோம். எங்கய்யா அவள மட்டும் நிக்க விடல. நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவுக இந்தப் படத்தப் பாத்தா என்ன ஆகும்னு சொல்லிட்டாக. அந்தப் படம் இன்னமும் எங்கண்ணே வீட்டுச் செவத்துல தொங்குது. நாங்க பூராப் பேரும் இருக்கோம். அவ இல்ல."

அவர் சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆங்காரம்தான் வந்தது. செத்துப்போன அவர்கள் அப்பா மேல், நாலு ஊர் தள்ளி எங்கள் வீட்டு வாசலில் முகம் சுளித்துவிட்டுப் போனவர்கள் மேல், எல்லார் மேலும் வந்தது. "உக்காருங்க பெரியம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

மச்சினனிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டியிருந்தது. என் மெஷினில் மேனேஜர் இருக்கக் கூடாது என்றேன். "மேனேஜர் மேல தப்பு இல்லம்மா, நாந்தான் சரியாப் படிக்காம அமுக்கிட்டேன்" என்றார். "தெரியும். இருந்தாலும் கூடாது" என்றேன். அவர் அதை எடுத்துவிட்டுப் பழைய வெர்ஷனைப் போட்டுக் கொடுத்தார்.

மார்கழி முழுக்க மறுபடி செய்தோம். மறுபடி மொட்டைமாடி வெயிலில் என் கை, மறுபடி மூக்கு, மறுபடி தாவாக்கட்டை. இந்தத் தடவை அந்த அம்மா ஒளிக்கவில்லை. முன்பல்லில் சின்ன இடைவெளி என்றார், புருவத்தில் விழுந்த தழும்பு என்றார். கண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ரெடிமேடாக வருகிற எந்த முகத்திலும் மாறுகண் கிடையாது. இரண்டு கண்ணும் சேர்ந்துதான் திரும்பும். அந்தக் கட்டைப் பிரித்து, இடது கண்ணை மட்டும் தனியாகப் பிடித்து, மூக்குப் பக்கம் மெல்லத் தள்ளினேன்.

"அக்கா!" என்றார் அந்த அம்மா. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மச்சினன் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். திரையில் அந்தப் பிள்ளை, ஒரு கண் எங்களைப் பார்க்க, ஒரு கண் தன் மூக்கைப் பார்க்க, இடைவெளிப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்ததும் பிரிண்ட் வாங்க அண்ணனும் தங்கச்சியுமாக வந்தார்கள். அண்ணனுக்கு அறுபதை நெருங்கிய வயது. வெள்ளைச் சட்டை, வேட்டி, கக்கத்தில் கல்யாணப் பத்திரிகைப் பை. பிரிண்ட் போடுவதற்கு முன்னால் திரையில் காட்டினேன். பார்த்ததும் முகம் கடுத்துப்போயிற்று.

"என்ன பாப்பா இது? கண்ண ஏன் இப்பிடி வச்சிருக்க? கல்யாண வீட்டுக்கு நாலு பேரு வருவாக. சாமி படத்துல போயி இத வைக்கவா? நேர் பண்ணிரு."

"ஒரு நிமிசம்ணே, பண்ணிரலாம்" என்றார் அண்ணாச்சி, பழக்கதோஷத்தில்.

ஒரு நிமிஷம்கூட ஆகாது. "பண்ண மாட்டேன்" என்று மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "அவுக சொன்ன மொகத்தத்தேன் செஞ்சிருக்கேன். மாத்தணும்னா அவுக சொல்லட்டும்."

எல்லாரும் அந்த அம்மாவைப் பார்த்தோம். அவர் குரலை உயர்த்தவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கம்பத்துல போட்டோ எடுத்த அன்னைக்கி நம்ம அய்யா உங்களுக்குத்தேன கண்ணக் காட்டுனாக. நீங்கதேன் அவ கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனீக. குச்சி ஐஸ் வாங்கிக் குடுத்து, தின்னுக்கிட்டே நில்லு, இந்தா வந்துர்றேன்னு சொல்லிட்டு, நீங்க மட்டும் உள்ள வந்து எங்க கூட நின்னீக. அவ அந்த ஐஸத் திங்கவே இல்லண்ணே. உருகி ஒழுக ஒழுகக் கதவு வழியா நம்மளப் பாத்துக்கிட்டே நின்னா. நான் பாத்தேன்."

அண்ணன் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். பத்திரிகைப் பை கீழே நழுவியது, எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு வெகு பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். கீழே யாரோ உர மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது.

"பாப்பா" என்றார்.

"சொல்லுங்கய்யா."

"கண்ணு இம்புட்டோட நிக்காது. ஐஸக் கையில குடுத்தப்ப என்னய அண்ணாந்து பாத்தா. அப்ப இன்னும் உள்ள போச்சு." விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார். "இன்னுங் கொஞ்சம் உள்ள தள்ளு."

அவர் போதும் என்று சொல்லுகிறவரை தள்ளினேன்.